கசக்கிற வாய் ஒன்று

சனவரி 12

அன்புள்ள அண்ணனுக்குச் சிட்டு எழுதுவது.

கர்த்தருடைய கிருபையால் நாங்கள் இருவரும் சுகம். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? லிஃப்டைச் சரிபார்க்கப் போகிறவர் மட்டும் படியேறித்தான் போக வேண்டும் என்பது என்ன நியாயமோ, தெரியவில்லை. செப்டம்பரில் நீங்கள் ஓய்வு பெற்றுவிட்டால் அந்தத் தொல்லை தீரும். நீங்கள் வந்து தங்கப்போகிற பின்னறை ஜன்னலுக்கு வண்ணம் அடித்தாயிற்று. நீங்கள் உட்கார்ந்து எழ வசதியாகக் கட்டில் காலை உயர்த்தச் சொல்லியிருக்கிறேன்.

ஒரு விசேஷம். உங்கள் மாப்பிள்ளைக்கு ஊழியத்துக்கு அழைப்பு வந்திருக்கிறது. அவருக்கு ஆபரேஷன் நடந்தபோது பெரிய ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் நான் தங்கியிருந்தேனே, அந்த மூன்று மாடி விடுதி நினைவிருக்கிறதா? நோயாளியோடு வெளியூரிலிருந்து வருகிற குடும்பங்களுக்காகச் சபை நடத்துவது. அங்கே வார்டன் அம்மாவுக்கு வயதாகிவிட்டது. கூட இருந்து நடத்த ஒரு கணவன் மனைவி வேண்டுமாம்.

நாங்களாக எதையும் முடிவு செய்யவில்லை. அழைப்பு என்றால் மூன்று வாயிலிருந்து வர வேண்டும் என்று அப்பா சொல்வாரே, அப்படியே வந்தது. முதலில் மருந்துக்கடைக்காரர், அப்புறம் சபையில் பியானோ வாசிக்கிற அம்மா. போன ஞாயிறு உங்கள் மாப்பிள்ளை வேலை பார்க்கிற பள்ளிக்கூடத்து அறிவியல் வாத்தியார் வீட்டுக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார். தேவன் கதவைத் திறந்துவிட்டார் என்றுதான் தோன்றுகிறது.

ஹெட்மாஸ்டர் மே மாத முடிவுக்குள் பதில் கேட்கிறார். ஆய்வக வேலையை விட்டால் பள்ளிக்கூடம் கொடுத்த இந்த வீட்டையும் விட வேண்டும். அப்பா இல்லாத வீட்டில் நீங்கள் சரி என்றால்தான் எங்களுக்குக் கால் நகரும். பதில் எழுதுங்கள்.

உங்கள் தங்கை,
சிட்டு


சனவரி 24

அன்புள்ள சிட்டுவுக்கு,

நான் சுகம். முழங்கால் மட்டும் தனிக்கட்சி. மாப்பிள்ளை சுகமா? காய்ச்சல் ஏதும் இல்லையே?

கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. போன தடவை கர்த்தர் அவரைக் கோழிப்பண்ணைக்கு அழைத்தார். கோழிகளை யார் அழைத்தார்களோ, இரண்டே மாதத்தில் எல்லாம் போய்ச் சேர்ந்தன. இந்தத் தடவை நோயாளிகளின் குடும்பங்கள்.

அப்பா சொன்னதில் பாதியை வசதியாக மறந்துவிட்டாய். சபை மூப்பராக இருந்த காலத்தில் ஊழியத்துக்குப் போகிறேன் என்று வருகிறவர்களிடம் அவர் சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன். "மூணு பேரு சொல்லணும். அவங்க தங்களுக்குள்ள பேசி வச்சிருக்கக் கூடாது. அதுல ஒருத்தருக்காவது அது கசக்கணும். கசந்துக்கிட்டே சொன்னா நிசம்." உன் மூன்று பேரில் யாருக்குக் கசந்தது? எல்லாரும் பாயசம் குடித்த மாதிரியல்லவா சொல்லியிருக்கிறார்கள்.

கதவு திறந்தது என்கிறாய். என் தொழிலில் முதல் பாடமே அதுதான். கதவு திறந்ததென்று கால் வைக்கக் கூடாது. லிஃப்ட் பெட்டி வந்து நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வைக்க வேண்டும். பார்க்காமல் வைத்த ஒருவரை எனக்குத் தெரியும். இப்போது அவர் வேறு வேலை பார்க்கிறார், அதுவும் உட்கார்ந்தபடி.

அந்த விடுதியில் லிஃப்ட் ஓடாமல் கிடக்கிறது, வாளியைச் சுமந்து மாடியேறுகிறேன் என்று நீயே புலம்பினாய். ஒரு லிஃப்டை ஓடவைக்கத் துப்பில்லாத இடம் உங்கள் இருவரையும் எப்படி வைத்துக்கொள்ளும்?

ஆகவே எழுது. மூன்று பேரும் என்ன சொன்னார்கள், எங்கே சொன்னார்கள், அதற்கு முன் யாரோடு பேசிக்கொண்டிருந்தார்கள்? ஜன்னலுக்கு என்ன நிறம் அடித்தாய் என்பதையும் எழுது.

அன்புடன்,
அண்ணன்


பிப்ரவரி 16

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகம், உங்கள் சுகம் அறிய ஆவல். தையல் கடையில் பள்ளிச் சீருடை வேலை குவிந்துவிட்டதால் பதில் எழுதத் தாமதம்.

நீங்கள் கேட்டதற்கெல்லாம் எழுதுகிறேன், போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக்கொடுப்பது போல. உங்கள் மாப்பிள்ளை மாத்திரை வாங்கப் போயிருந்தார். கடைக்காரர் சில்லறையை எண்ணிக்கொண்டே தானாகச் சொன்னாராம்: "ஆஸ்பத்திரிக்கு வர்றவங்களுக்கு மருந்து பெருசில்ல சார். ராத்திரி படுக்க ஒரு காஞ்ச விரிப்பு வேணும். அதைக் குடுக்கிற ஆளா நீங்க தெரியிறீங்க." பியானோ அம்மா ஆராதனை முடிந்து வாசலில் சொன்னார்: "அந்த விடுதிக்காக ஜெபம் பண்றப்ப எல்லாம் உங்க முகந்தான் வருது." அறிவியல் வாத்தியார் எங்கள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, தேநீரைத் தொடாமல் சொன்னார்: "நீங்க ரெண்டு பேரும் இங்க இருக்க வேண்டியவங்க இல்ல. அங்க போகணும்."

மூவரும் ஒருவருக்கொருவர் பழக்கமில்லாதவர்கள். கசந்ததா என்று நான் எப்படிக் கேட்பது? நல்லது சொல்கிறவர்களிடம் முகத்தைச் சுளித்துக்கொண்டு சொல்லுங்கள் என்றா கேட்பார்கள்?

கோழி விஷயத்தை இத்தோடு விட்டுவிடுங்கள். அவருக்கு இன்னும் மனசு ஆறவில்லை. காலைப் பனி இன்னும் விடவில்லை, கம்பளிக் காலுறை போட்டுக்கொள்ளுங்கள்.

அன்புத் தங்கை,
சிட்டு


மார்ச் 2

அன்புள்ள சிட்டுவுக்கு,

நலம். காலுறை போட்டிருக்கிறேன்.

மருந்துக்கடைக்காரர் மருந்து பெரிசில்லை என்கிறார். அம்மா, என் வயதுக்கு நான் எத்தனையோ மருந்துக்கடையில் நின்றிருக்கிறேன். இருமலுக்குப் போனால் தலைவலிக்கும் சேர்த்துக் கொடுக்கிற ஜாதி அது. காய்ந்த விரிப்பைப் பற்றிப் பேசுகிற கடைக்காரரை இதுவரை பார்த்ததில்லை.

ஆனால் அந்த வார்த்தையை நான் கேட்டிருக்கிறேன். ஆபரேஷன் முடிந்து, நீ இங்கே என் வீட்டுக்கு வந்து இரண்டு நாள் தங்கினாயே, அப்போது சொன்னாய்: "அண்ணே, அங்க வர்றவங்களுக்கு மருந்து பெருசில்ல. படுக்க ஒரு காஞ்ச விரிப்புதான் வேணும்." நீ சொன்னபோது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். அதனால் நன்றாக நினைவிருக்கிறது.

லிஃப்டில் தானாக மணி அடிக்கிறது என்று கூப்பிடுவார்கள். தானாக எந்த மணியும் அடிக்காது. ஒயரைப் பிடித்துக்கொண்டே போனால் யாராவது ஒருவர் கை வைத்துக்கொண்டிருப்பார். நான் ஒயரைப் பிடித்துப் போகிறேன், அது உன் வீட்டு வாசலில் வந்து நிற்கிறது.

உண்மையை எழுது. ஜன்னல் நிறத்தையும் நீ எழுதவில்லை. அதையும் கவனித்தேன்.

அண்ணன்


ஏப்ரல் 3

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே சுகம் என்று எழுதத்தான் வேண்டும். ஒரு மாதமாக எழுதவும் கிழிக்கவுமாக இருந்தேன்.

ஆமாம். மருந்துக்கடைக்காரரிடம் நான்தான் சொல்லிக்கொடுத்தேன். அவர் மகள் கல்யாணத்துக்கு உடை தைத்தேன். அந்தப் பழக்கத்தில் கேட்டேன். பியானோ அம்மாவிடமும் நான்தான் பேசினேன். பாவம், அவருக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. சொல்லும்போது என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அழைப்பு எனக்கு வந்தது, அண்ணா. விடுதி மொட்டை மாடியில் விரிப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். கீழே ஒரு அம்மாள், பிள்ளையை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு, எங்கே போவது என்று தெரியாமல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் ஈரக்கையோடு இறங்கிப் போய்க் கூட்டி வந்தேன். அவ்வளவுதான் நடந்தது. வெளிச்சமும் வரவில்லை, சத்தமும் வரவில்லை. இதற்குத்தான் நான் பிறந்தேன் என்று மட்டும் தெரிந்தது.

விடுதியைக் கவனிக்கிற போதகரிடம் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, "நல்லதும்மா. கர்த்தருக்குச் சித்தமானா உங்க வீட்டுக்காரருக்கும் சொல்லுவாரு. அப்ப வாங்க" என்றார். வீட்டுக்காரரிடம் ரயிலில் வரும்போது விளையாட்டாகக் கேட்டுப் பார்த்தேன். "முதல்ல வீடு போய்ச் சேருவோம்" என்றார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. கர்த்தர் அவருக்குச் சொல்வார் என்று இரண்டு வருஷம் காத்திருந்தேன். பிறகு நானே சொல்லவைத்தேன்.

ஆனால் மூன்றாவது நான் இல்லை. அறிவியல் வாத்தியாரிடம் வணக்கத்தைத் தவிர ஒரு வார்த்தை பேசியதில்லை. அவர் வந்து உட்கார்ந்து அப்படிச் சொன்னதும் நான் சமையலறைக்குள் போய்விட்டேன். இரண்டை நான் திருட்டுத்தனமாகச் செய்தேன், மூன்றாவதைக் கர்த்தரே அனுப்பிவிட்டார் என்று அழுதேன். அதை மட்டும் சந்தேகப்படாதீர்கள்.

உங்கள் மாப்பிள்ளைக்கு இது தெரிய வேண்டாம். தெரிந்தால் வேலையையும் விடமாட்டார், என்னையும் நம்பமாட்டார். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சிட்டு


ஏப்ரல் 14

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நலம், உங்கள் நலம் அறிய விருப்பம். பள்ளிக்கூட விலாசத்துக்கு எழுதுவதிலேயே விஷயம் புரிந்திருக்கும். தங்கையிடம் காட்ட வேண்டாம்.

சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது. உங்களோடு அதே கட்டடத்தில் வேலை பார்க்கிற அறிவியல் வாத்தியார், மற்ற நாளெல்லாம் உங்களை வழியில் பார்க்கிறவர், இதைச் சொல்ல எதற்காக வீடு தேடி வந்தார்? உங்கள் அழைப்பை உங்களிடம் வராந்தாவில் சொல்லியிருக்கலாமே. தங்கை வீட்டில் இருக்கிற ஞாயிற்றுக்கிழமை பார்த்து ஏன் வந்தார்? தேநீரை ஏன் தொடவில்லை? எங்கள் வீட்டுப் பெண் போடுகிற தேநீரைத் தொடாமல் வைத்தவர் குற்றவாளியாகத்தான் இருக்க வேண்டும்.

பதிலை எதிர்பார்க்கிறேன். வயிற்றுத் தையல் போட்ட இடத்தில் இப்போது வலி இல்லையே?

மச்சான்


ஏப்ரல் 22

மதிப்புக்குரிய மச்சானுக்கு,

கர்த்தருக்குள் வணக்கம். தையல் போட்ட இடத்தில் வலி இல்லை. உங்கள் கடிதம் படித்த பிறகு வேறு இடத்தில் வலிக்கிறது.

வாத்தியாரை நான்தான் வரச்சொன்னேன். என்ன சொல்ல வேண்டும் என்றும் நான்தான் சொன்னேன். அவர் பாதியை மறந்துவிட்டார்.

ஆஸ்பத்திரியிலிருந்து விட்ட பிறகு நானும் ஒரு வாரம் அந்த விடுதியில் படுத்திருந்தேன். வெந்நீர்க் கொதிகலன் கெட்டுப்போயிருந்தது. எழுந்திருக்கக் கூடாது என்றார்கள், எழுந்துபோய்ச் சரிசெய்தேன். மறுநாள் காலை ஒரு கிழவர் வெந்நீரில் முகம் கழுவிவிட்டு, துண்டால் துடைக்காமல் அப்படியே கொஞ்ச நேரம் நின்றார். அதைப் பார்த்ததிலிருந்து பள்ளிக்கூட ஆய்வகத்தில் பிப்பெட் குழாய்களைக் கழுவும்போதெல்லாம் அங்கேதான் நிற்கிறேன். ரயிலில் இவள் பேச்செடுத்தபோது, முதலில் வீடு போய்ச் சேருவோம் என்று தட்டிக்கழித்தேன். கோழிப்பண்ணைக்காரன் எந்த முகத்தோடு அழைப்பு என்று சொல்வது?

இந்த வருஷம் தொடக்கத்தில் மருந்துக்கடைக்காரர் சொன்னார், பியானோ அம்மா சொன்னார். உங்கள் வீட்டுக் கணக்குப்படி ஒரு வாய்தான் பாக்கி. ஆனால் இவள் வரமாட்டாள் என்று எனக்குத் தெரியும். உங்களுக்கென்று அந்தப் பின்னறையை ஒரு வருஷமாகத் துடைத்துத் துடைத்து வைக்கிறாள். அண்ணனுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்று அக்கம்பக்கத்தில் சொல்கிறாள். அதை விட்டு வா என்று நான் சொன்னால் என்னை மன்னிக்கமாட்டாள். கர்த்தர் சொன்னார் என்றால் தாங்கிக்கொள்வாள் என்று நினைத்தேன்.

முதல் இரண்டு வாயும் உண்மை, மச்சான். அதில் என் கை இல்லை. தயவுசெய்து அவளுக்கு எழுத வேண்டாம். உங்கள் அறையைப் பறித்துக்கொண்டு உங்களிடமே கெஞ்சுகிறேன் என்று தெரிகிறது.

தங்கள்
மாப்பிள்ளை


மே 15

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகமா? நான் எழுதி ஆறு வாரம் ஆகிறது. உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. முழங்கால் மோசமாகிவிட்டதா, நான் மோசமாகிவிட்டேனா?

ஹெட்மாஸ்டர் மறுபடியும் ஆள் அனுப்பினார். உங்கள் மாப்பிள்ளை பேனாவைத் திறப்பார், மூடுவார். நான் வேறு பக்கம் பார்ப்பேன். என்னமோ தெரிந்துகொண்டவர் மாதிரி சில நேரம் என்னைப் பார்க்கிறார். பிறகு அவரே தலையைக் குனிந்துகொள்கிறார். நீங்கள் எதையாவது சொல்லிவிட்டீர்களா?

திட்ட வேண்டும் என்றால் திட்டி எழுதுங்கள். நீங்கள் பேசாமல் இருப்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

சிட்டு


மே 24

அன்புள்ள சிட்டுவுக்கும் மாப்பிள்ளைக்கும்,

இதை இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து படியுங்கள். ஒருவர் முதலில் படித்துவிட்டு மற்றவருக்குச் சுருக்கிச் சொல்கிற வேலை வேண்டாம். உங்கள் இருவர் சுருக்கத்திலும் எனக்கு நம்பிக்கை போய்விட்டது.

மாப்பிள்ளை, மருந்துக்கடைக்காரருக்கும் பியானோ அம்மாவுக்கும் சொல்லிக்கொடுத்து அனுப்பியது உங்கள் மனைவி. சிட்டு, வாத்தியாரைக் கூட்டி வந்தது உன் வீட்டுக்காரர். அவர் வரமாட்டார் என்று நீயும், நீ வரமாட்டாய் என்று அவரும், ஒரே வீட்டில் ஒரே பானைத் தண்ணீரைக் குடித்துக்கொண்டு, ஒருவரை ஒருவர் அழைத்துக்கொண்டிருந்திருக்கிறீர்கள். சொல்ல வேண்டாம் என்று இருவருமே கேட்டுக்கொண்டீர்கள். நான் வாக்குக் கொடுக்கவில்லை.

கூட்டிப் பார்த்தால் மூன்று வாயில் ஒன்றும் தேறவில்லை. பூஜ்யம். அதைத் தெரிந்துகொண்ட அன்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இப்படி ஒரு வரி எழுதுவதற்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். உங்கள் இருவர் கடிதத்தையும் மாற்றிக் காட்டினால் நீங்கள் எங்கேயும் போகமாட்டீர்கள், பின்னறை எனக்கு நிற்கும் என்று நினைத்தேன். சனவரியிலிருந்து நான் சந்தேகப்பட்டது கர்த்தரையும் இல்லை, கோழியையும் இல்லை. என் மனைவி கண்மூடிய பிறகு இந்த மாடிக் குடியிருப்பில் கரண்டி விழுந்தால் எடுக்கிற சத்தம் வரை எனக்கு மட்டும்தான் கேட்கிறது. செப்டம்பருக்கு மேல் காலையில் எழுந்து போக ஓர் இடமும் இருக்காது. சிட்டு, அந்த ஜன்னலைப் பற்றித்தான் உனக்கு எழுதிய ஒவ்வொரு கடிதத்திலும் கேட்டேன், நீ அதைத் தாண்டித் தாண்டிப் போனாய்.

நாலு வாரம் இரண்டு கடிதத்தையும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அலைந்தேன். எங்கே பிசிறு என்று தேடினேன். அழைப்பு என்பதே மனசு செய்கிற தந்திரம் என்று கூட நினைத்தேன். ஆனால் ஒன்றுக்கு மட்டும் எனக்குப் பதில் கிடைக்கவில்லை. பொய்யை உங்களுக்குக் கர்த்தர் சொல்லிக்கொடுக்கவில்லை, அது உங்கள் சொந்தச் சரக்கு. ஆனால் அவள் மாடியில் ஈரத்துணியோடும், இவர் கீழே கொதிகலன் பக்கத்திலும் நின்று, ஒருவர் சொல்லாமல் இன்னொருவர் ஒரே இடத்தை விரும்பியிருக்கிறீர்கள். அதற்கு யார் சொல்லிக்கொடுத்தது? ஒயரைப் பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். என் கைக்கு எட்டுகிற தூரத்தில் அது முடியவில்லை.

ஆகவே நான் சொல்கிறேன். போங்கள்.

எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. எனக்கு இதில் லாபம் இல்லை. எழுதும்போதே வாய் கசக்கிறது. அப்பா கேட்ட மாதிரியே கசக்கிறது.

போவதற்கு முன் மருந்துக்கடைக்காரர், பியானோ அம்மா, வாத்தியார் மூவரையும் பார்த்து, உங்களைப் பொய் சொல்லவைத்தோம் என்று மன்னிப்புக் கேளுங்கள். வாத்தியாருக்குத் தேநீர் கொடுங்கள், இந்தத் தடவை குடிப்பார்.

அன்புடன்,
அண்ணன்


ஆகஸ்ட் 30

அன்புள்ள அண்ணனுக்கு,

விடுதியிலிருந்து எழுதுகிறேன். இருவரும் சுகம். உங்கள் கடிதத்தைப் படித்த அன்று நாங்கள் வெகுநேரம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பிறகு அவர்தான் சிரிக்க ஆரம்பித்தார். நான் அழுதுகொண்டிருந்தேன், அப்புறம் நானும் சிரித்தேன். மூன்று வீட்டுக்கும் போய் மன்னிப்புக் கேட்டோம். பியானோ அம்மா, "அப்பாடா, ராத்திரி தூக்கமே வரல" என்றார்.

ஜன்னலுக்கு நீலம் அடித்திருந்தேன். உங்களுக்குப் பிடித்த நீலம். வீட்டைக் காலி செய்யும்போது அந்த அறையை மட்டும் கடைசியாகப் பூட்டினேன். அதை முன்பே எழுத எனக்குத் தைரியம் வரவில்லை, அண்ணா. மன்னியுங்கள்.

இங்கே தினமும் விரிப்புதான். மூன்றாவது மாடிக்கு வயதானவர்களை அவர் நாற்காலியில் வைத்துத் தூக்குகிறார். நேற்று வார்டன் அம்மா கேட்டார்: "லிஃப்ட் வேலை தெரிஞ்சவங்க யாராச்சும் இருக்காங்களா? கீழ ஒரு அறை சும்மாதான் கிடக்கு, தங்கிக்கலாம்." நான் ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவரும் இல்லை என்கிறார். சத்தியமாக.

முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்கிறீர்களா?

சிட்டு


செப்டம்பர் 9

அன்புள்ள சிட்டுவுக்கு,

நலம். எண்ணெய் தேய்க்கிறேன்.

நீ சொல்லிக்கொடுக்கவில்லை என்கிறாய். மாப்பிள்ளையும் இல்லை என்கிறார். உங்கள் இருவர் சத்தியத்தின் விலை எனக்குத் தெரியும். இருந்தாலும் வார்டன் அம்மாவைத் தனியாகக் கணக்கில் வைத்துக்கொள்கிறேன். வாய் ஒன்று.

கசக்கிற வாய் வேண்டுமே என்று என் முழங்காலைக் கேட்டேன். அந்த ஊருக்கு ரயிலேறி, லிஃப்ட் ஓடுகிற வரைக்கும் மூன்று மாடி ஏறி இறங்க வேண்டும் என்றதும் அதற்கு ரொம்பக் கசக்கிறது. ஆனாலும் போகலாம் என்கிறது. ஆக இரண்டு.

இன்னும் ஒன்று வரட்டும். யாரிடமும் போய்ச் சொல்லிக்கொடுத்துவிடாதே, கண்டுபிடித்துவிடுவேன். அதுவரை அந்த லிஃப்டுக்குள் யாரையும் விடாதே. கதவு திறந்தாலும் உள்ளே பெட்டி இருக்கிறதா என்று பார்க்காமல் கால் வைக்க வேண்டாம். நான் வந்து பார்க்கிறேன்.

அந்த நீலத்தில் மிச்சம் இருந்தால் எறிந்துவிடாமல் வை.

அண்ணன்